சைபர் என்று சொன்னவர்கள்

2024 ஜூன் 4, செவ்வாய்

ரயிலில் எல்லோர் கையிலும் கைப்பேசி, ஓட்டு எண்ணிக்கை. திண்டிவனம் கிளினிக்கில் இன்று ஒரே ஒருவர். பச்சைமுத்து. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர், தீராத இடுப்பு வலி. பேசிப் பேசியே அறிதுயிலில் ஆழ்த்தி எழுப்பிய பின், வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"சைபர் சார்."

மூன்றாவது வாரமாக சைபர். என் பேராசிரியர் அரங்கநாதன் உயிரோடிருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும். அவர் செத்துப் பதினொரு மாதம். செய்தி வந்த அன்று நான் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜூன் 7, வெள்ளி

பானுப்ரியா என்று ஒரு பெண் பேசினார். சென்னையில் உளவியல் உதவிப் பேராசிரியர். 2004 கருத்தரங்கில் நான் வாசித்த கட்டுரையை எங்கோ பிடித்திருக்கிறார். சிகிச்சை தருகிறவரின் பரிவு நோயாளியின் வலியைக் குறைக்கிறதா என்பது அவர் ஆய்வு. சிகிச்சையின்போது நான் பதிவுசெய்த பழைய கேசட்டுகள் வேண்டுமாம். கட்டுரையில் என் பெயரே முதலில் வருமாம்.

முப்பத்தெட்டு கேசட், முப்பத்தெட்டு நோயாளி. மூன்று வாடகை வீடுகளுக்குத் தூக்கிச் சுமந்த பெட்டி. வீண்போகவில்லை.

அரங்கநாதன் செய்ததை மறுபடி எழுதிவைக்கிறேன், எனக்கு மறந்துவிடக் கூடாது. என் ஆய்வு வழிகாட்டி அவர். 2003இல் கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தார். நோயாளி எதிரிலேயே, "முதல்ல இந்தம்மாவை ஜிப்மருக்கு அனுப்பு, ஸ்கேன் எடுக்கட்டும். அப்புறம் உன் வித்தையைக் காட்டு" என்றார். வித்தை! பிறகு ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்து ஒரு வரி எழுதினார்: ஆய்வாளர் மனம் நோகக் கூடாதென்றே நோயாளிகள் சைபர் என்கிறார்கள். ஒரு வரி. என் ஏழு வருடம். இன்றும் கிளினிக் பலகையில் டாக்டர் பட்டமில்லாமல் நான் வெறும் ஆலோசகர்.

ஜூன் 16, ஞாயிறு

கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். முப்பத்தோரு வயதில் என் குரலில் எவ்வளவு கனிவு! எனக்கே தூக்கம் வந்தது. அந்தக் குரல் எங்கே போனது? யார் எடுத்துக்கொண்டது?

ஜூன் 17, திங்கள்

கேசட் பதினேழு. இன்று எழுத முடியாது.

ஜூன் 18, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை.

பதினேழு, கெடார் கோவிந்தம்மாள். வயிற்று வலி. அரங்கநாதன் ஜிப்மருக்கு அனுப்பச் சொன்னது இவரைத்தான். அந்தக் காலத்தில் "சைபர்" வந்ததும் கேசட்டைக் கேட்டு எழுதுவதை நிறுத்திவிடுவேன், மேற்கொண்டு கேட்டதே கிடையாது. நேற்று பால் பொங்குகிறதென்று அடுப்படிக்கு ஓடினேன். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கும் நான் அதை நிறுத்தாமல்தான் அறையை விட்டுப் போயிருக்கிறேன்.

முதலில் என் குரல். அதே கனிவு. "பெரியவர் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்கம்மா. வலிதான் போயிடுச்சே, எதுக்கு ஜிப்மர்?"

கதவுச் சத்தம். பிறகு ஒரு சிறுமி: "நெஜமாவே பூட்ச்சாம்மா?"

"எங்கடி போச்சு. அப்படியேதான் குத்திக்கினு கீது. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தியா, எவ்ளோ ஆசையா கேக்குது. இல்லன்னு சொல்ல மனசு வர்ல."

அந்தப் புள்ள நான்.

எதுக்கு ஜிப்மர் என்று நான் சொன்னதாக நினைவே இல்லை. இருபத்தோரு வருடமாக அரங்கநாதன் சொன்னதை எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறேன். நான் சொன்னது?

ஜூன் 20, வியாழன்

ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினேழாம் எண்ணுக்கு எதிரே என் கையெழுத்தில்: பின்தொடர் விவரம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையா, தேடவில்லையா? கெடார் என்ன கடல் தாண்டியா இருக்கிறது?

ஜூன் 26, புதன்

நோயாளிகள் அல்லது வாரிசுகளின் ஒப்புதல் கையெழுத்து வேண்டுமாம், நெறிமுறைக் குழு கேட்கிறதாம். அழிந்துபோன கேசட்டுகள் இருந்தால் விட்டுவிடலாம் சார், மற்றவை போதும் என்கிறார் பானுப்ரியா.

பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொன்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? முப்பத்தேழு போதும். என் பெயர் முதலில்.

ஜூன் 29, சனி

ரயில் மயிலம் தாண்டினால் எப்போதும் கண் சொக்கும். இன்றும் சொக்கியது. காதருகே, "எங்கடி போச்சு." விழித்துப் பார்த்தால் எதிர் இருக்கையில் ஒருவரும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

கெடாருக்குப் போனேன். விழுப்புரம் பேருந்து நிலையம் முழுக்க மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம். அமாவாசை என்பதை மறந்திருந்தேன். கோவிந்தம்மாளின் மகள் வேணியின் வீட்டில் பூட்டு. அவளும் மலையனூர்தான், ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பூட்டைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு.

ஜூலை 7, ஞாயிறு

வேணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாசலறையில் தையல் மெஷின். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "தூங்க வெக்கிற சார்தானே நீங்க? முடியெல்லாம் எங்க சார்?" என்று சிரித்தார்.

அம்மா அடுத்த தை மாசமே போய்விட்டாராம். வயிற்றில் கட்டி. ஜிப்மருக்குக் கொண்டுபோனபோது பரவிவிட்டது, ஆறு மாசம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்களாம். அன்றைக்கே போயிருக்கலாமே என்று கேட்டேன். என்ன கேள்வி! யார் போக வேண்டாம் என்றது?

"நானும் சொன்னேன் சார். ஸ்கேன்ல எதுனா வந்துச்சின்னா அந்தப் பெரியவரு உங்கள இன்னும் திட்டுவாருன்னு அம்மா போவவே இல்ல. அந்தப் புள்ள பொழப்பு கெட்டுடும்னு சொல்லிக்கினே இருக்கும்."

திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்துத்தான் வந்தேன். திட்டவில்லை. டீ போட்டார். கேசட் விஷயத்தையும் கையெழுத்து வேண்டியதையும் சொன்னேன். பிறகு கேட்டார்: "அதுல அம்மா கொரல் கீதா சார்? ஒரே ஒரு வாட்டி கேக்கட்டுமா?"

கைப்பேசியில் இருந்தது. போட்டேன். சைபர் வந்ததும் நிறுத்த விரல் போனது. நிறுத்தவில்லை. நான் வந்தேன், சிறுமி வேணி வந்தாள், அம்மா வந்தார். வேணி மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டால் அவர் எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவாரோ என்று பயம். சொல்லியிருப்பார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "முழுசா அனுப்புங்க சார். அம்மா பேசறத வெட்டாதீங்க."

ஜூலை 9, செவ்வாய்

முப்பத்தெட்டையும் அனுப்பிவிட்டேன். கூடவே பானுப்ரியாவுக்கு எழுதினேன்: நோயாளிகளுக்கு என்மேல் இருந்த பரிவைத்தான் நீங்கள் ஆராய வேண்டும். இதை முதலில் சொன்னவர் அரங்கநாதன், அவர் பெயரைப் போடுங்கள். என் பெயர் எங்கே வந்தாலும் சரி.

அந்தப் பெயரைத் தட்டச்சு செய்ய நெடுநேரம் ஆனது. அவர் அன்று என்னை வெளியே கூப்பிட்டு, பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? தெரியாது. கோபம் இன்னும் இருக்கிறது. அவர் சொன்னது சரி என்பதும் இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

பச்சைமுத்து வந்தார். கண் திறந்ததும் சைபர் சொல்ல வாயெடுத்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். "என்னைப் பார்க்காதீங்க. இப்ப சொல்லுங்க."



"ஏழு சார்."

"எப்போலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே அதான் சார். காலு ரெண்டும் மரத்துப் பூடுது."

முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன், முதுகு ஸ்கேனுக்கு. நாளைக்கே போக வேண்டும் என்று சொன்னேன். நானும் வருகிறேன் என்றேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், வாசல்வரை போய்த் திரும்பிவந்தார்.

"இத்தினி நாளு மாத்திச் சொல்லிட்டேன். உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே சார்?"

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சைபர்" என்றேன்.