கீப்பர் கூப்பிட்டானா?

1972 ஜனவரி 8, சனி

சொந்த மைதானம். 0–0. கணுக்கால் வரை சேறு. டிரெய்னர் ஸ்டான் கணக்குப்படி இருபத்தாறு பந்துகளைத் தலையால் முட்டி வெளியே தள்ளியிருக்கிறேன். மண்டை இன்னும் கொதிக்கிறது.

ஜனவரி 10, திங்கள்

பதினேழு வயதில் பிடித்த பழக்கம் இது, ஆட்டத்துக்கு ஒரு வரி. இன்று ஆட்டம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லை.

இடது காது செத்துவிட்டது. போன அக்டோபரில் ஒருவனுடைய முழங்கை பட்டதிலிருந்து. அதற்கு முன்பே மந்தம்தான், உண்மையைச் சொன்னால். இன்று காலை அலாரம் கடிகாரத்தை அந்தக் காதில் ஒட்ட வைத்துப் பார்த்தேன். டிக் டிக் இல்லை. வலது காதில் பாதி கேட்கிறது. மீதிப் பாதியை உதடுகளைப் பார்த்துச் சமாளிக்கிறேன். ஊரில் எல்லோருடைய வாயும் இப்போது எனக்கு மனப்பாடம்.

வயது முப்பத்து மூன்று. ஹோல்ம்பி டவுன் கால்பந்து கிளப்பில் பதினோரு வருடம், அதில் ஆறு வருடம் கேப்டன். ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. நாங்கள் இருக்கும் வீடு கிளப்புடையது. செவிட்டுத் தடுப்பாட்டக்காரனை எவன் வைத்துக்கொள்வான்? மனைவி டோரீனையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்?

மே வரைதான். மே வரை எவனுக்கும் தெரியக்கூடாது.

ஜனவரி 18, செவ்வாய்

பயிற்சி முடிந்ததும் பாஸ் கூப்பிட்டு அனுப்பினார். இங்கம் நல்ல மேனேஜர், ஆனால் புகையிலைப் பைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். உதடு அசைவதே இல்லை. என்னவோ கேட்டார். "சரி பாஸ்" என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் "சரி பாஸ்". தோளில் தட்டினார். ரொம்பச் சந்தோஷம் அவருக்கு.

எதற்குத் தலையாட்டினேன் என்று சனிக்கிழமை தெரிந்துவிடும்.

ஜனவரி 22, சனி

வெளியூர். 1–2 தோல்வி.

தெரிந்துவிட்டது. பதினோரு வருடம் டிஃபென்ஸில் நடு இடப்பக்கம் நின்றவன் நான். எல்லோரும் எனக்கு வலது கைப் பக்கம், பிழைத்திருக்கும் காதின் பக்கம். இனிமேல் நான் வலப்பக்கமாம். அதற்குத்தான் அன்று தலையாட்டியிருக்கிறேன். இப்போது மொத்த டிஃபென்ஸும் என் செத்த காதுப் பக்கம் நிற்கிறது. முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். ஆப்பை நானே சீவிக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, சனி

2–0 ஜெயித்தோம். ட்ரெவர் கட்பர்ட்டுக்கு இதுதான் சிறந்த ஆட்டம். எங்கள் கீப்பர், இருபத்து நான்கு வயது. துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவருடைய மகன். தொண்டை அப்பன் வழியில் வந்தது. அவன் "கீப்பர்!" என்று கூப்பிட்டால் எதிர் அணி கீப்பரும் வெளியே ஓடி வந்துவிடுவான் என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

அந்த ஒரு சொல்தான் எங்கள் தொழிலில் சட்டம். கீப்பர் கூப்பிட்டுவிட்டால் பந்து அவனுடையது, மற்றவன் விலகிவிட வேண்டும். கூப்பிடாமல் வந்து மோதினால் என்ன நடந்தாலும் பழி கீப்பர் தலையில். இன்று கேலரியில் பெரிய கிளப் ஆள் ஒருவர் அவனைப் பார்க்க வந்திருந்தாராம்.

நான்? ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் திரும்பித் திரும்பி அவன் வாயைப் பார்க்கிறேன். "என்ன கேப்டன், என் மூஞ்சி அவ்வளவு அழகாவா இருக்கு?" என்றான்.

பிப்ரவரி 16, புதன்

சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். மின்சாரத்தை முறை போட்டு நிறுத்துகிறார்கள். இன்று எங்கள் தெருவுக்கு ஆறு மணிக்குப் போயிற்று. சாப்பாட்டு மேசையில் அப்படியே கும்மிருட்டு.

இருட்டில் உதடு தெரியாது. இதை நான் யோசிக்கவே இல்லை.

டோரீன் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"எத்தன தடவ கூப்பிடுறது? தீப்பெட்டி எங்கன்னு நாலு தடவ கேட்டேன்."

"வேற ஏதோ யோசனை."

என்னையே பார்த்தாள். பிறகு மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏற்றினாள்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

பெண்கள் இரண்டு பேரும் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பாஸ்கிட்ட சொல்லிடு, நார்மன். யாராவது அடிபட்டுடப் போறாங்க."

"மே மாசம் கையெழுத்து ஆகட்டும்."

"அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

ஒன்றும் ஆகாது என்றேன். இருட்டில் என்னதான் சொன்னாள் என்று கேட்டேன். அது போகட்டும் என்றுவிட்டாள்.

பிப்ரவரி 26, சனி

சொந்த மைதானம். 1–1. ட்ரெவர் ஆஸ்பத்திரியில்.

பிப்ரவரி 27, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதியே தீர வேண்டும்.

எழுபதாவது நிமிடம். எங்கள் இடது ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்து. அதைப் பார்க்க அந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் கோல் என் இடது காதுப் பக்கம் வந்துவிடும். ட்ரெவர் வாயைப் பார்க்க நேரமில்லை. என் பந்து என்று எகிறினேன். நெற்றி எதன் மீதோ மோதியது. பந்து என்றால் அப்படி இருக்காது. எலும்பு நொறுங்குவதைக் காது கேட்காதவனும் கேட்பான் — மண்டைக்குள்ளே கேட்டது. கீழே ட்ரெவர் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம். பந்து உருண்டு உள்ளே போனது. ஸ்டான் ஸ்பஞ்சும் வாளியுமாக ஓடி வந்து, பார்த்துவிட்டு, வாளியைக் கீழே வைத்தான்.

உடை மாற்றும் அறை. பாஸ் வாயில் பைப் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தெரிந்தது.

"அவன் கூப்பிட்டானா, நார்ம்?"

"எனக்கு எதுவும் கேக்கல, பாஸ்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இதைவிடப் பெரிய பொய்யை நான் ஜென்மத்தில் சொன்னதும் இல்லை.

இடது ஓரத் தடுப்பாட்டக்காரன் கென்னி மட்டும் இழுத்தான். "எனக்கு ஏதோ கேட்ட மாதிரி..."

"கேட்டுச்சா, கேக்கலையா?" என்றார் பாஸ்.

கென்னி என்னைப் பார்த்தான். நான் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "கேப்டனுக்கே கேக்கலைன்னா, கூட்டத்தோட சத்தமா இருக்கும், பாஸ்" என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 29, செவ்வாய்

உள்ளூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கம்: 'கீப்பர் கூப்பிடவில்லை — கேப்டன்'. டோரீன் அதைப் படித்துவிட்டு, மடித்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 5, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னத்து எலும்பும் கண் குழியும் உடைந்திருக்கின்றன. எலும்பு கூடிவிடுமாம். பார்வை எப்படி ஆகும் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது கேப்டன். நீங்ககூட ரெண்டு பேரா உக்காந்திருக்கீங்க. ஒரு நார்மனத் தாங்குறதே கஷ்டம்."

சிரித்தேன். கொண்டுபோன திராட்சையைப் பிரித்து நானே தின்றுகொண்டிருந்தேன். கைக்கு வேறு வேலை இல்லை.

பிறகு அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நல்லவேளையாக விளக்கு அவன் வாய்க்கு நேரே இருந்தது. நல்லவேளையா? தெரிந்திருக்காவிட்டால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் கூப்பிட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். தொண்டை கிழியக் கத்தின மாதிரி ஞாபகம். ஆனா உங்களுக்குக் கேக்கலைன்னா நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. மன்னிச்சுக்குங்க, கேப்டன். உங்க நெத்தி வலிக்குதா?"

என் நெற்றி வலிக்கிறதா என்று கேட்கிறான்.

நாளைக் காலை பாஸிடம் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 6, திங்கள்

சொல்லவில்லை.

மார்ச் 7, செவ்வாய்

சொல்லவில்லை. பாஸ் ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், ஏன் வீணாக எழுத வேண்டும்.

மார்ச் 25, சனி

3–1 ஜெயித்தோம். நன்றாக ஆடினேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 13, வியாழன்

ட்ரெவர் பயிற்சிக்கு வந்தான். ஸ்டான் மெதுவாக, கையால், பந்தை வீசினான். ட்ரெவர் கையை நீட்டிய இடத்துக்கு அரை கஜம் தள்ளிப் பந்து போனது. மறுபடி. மறுபடி. பத்துப் பந்தில் மூன்றைப் பிடித்தான். "ரெண்டு பந்து வருது ஸ்டான், எது நெசம்னு முன்னாடியே சொல்லிடேன்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பாஸிடம் போய், அடுத்த பருவம் வரை பொறுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். பாஸ் சொன்னதைக் கென்னி எனக்குச் சொன்னான்: "கண்ணு சரியானாலும், கூப்பிடாத கீப்பர் எனக்கு வேண்டாம்." அன்று பார்க்க வந்த பெரிய கிளப்பும் அதே வார்த்தையைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டதாம்.

துறைமுகத்தில் அவன் அப்பாவையும் விடவில்லை. "ஊரையே கூப்பிட்டு மீன் விக்கிற, ஒன் பையன் வாயில என்ன, கொழுக்கட்டையா?" இந்த ரீதியில். பெரியவர் இரண்டு நாள் ஏலத்துக்கே வரவில்லையாம்.

வலது காதும் இறங்கிக்கொண்டே வருகிறது. மைதானத்தில் ஐயாயிரம் பேர் வாயைத் திறக்கிறார்கள். எனக்குத் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருக்கிறது.

மே 13, சனி

தபால் வந்தது. எனக்கு இன்னும் ஒரு வருடம், கேப்டனாகவே. ட்ரெவர் பெயர் கிளப் விடுவிக்கும் ஆட்டக்காரர் பட்டியலில்.

வீடு தங்கியது. டோரீனிடம் கடிதத்தை நீட்டினேன். படித்தாள். "நல்லது" என்று உதடு சொன்னது. முகம் சொல்லவில்லை.

மே 21, ஞாயிறு

ட்ரெவர் வீட்டுக்கு வந்தான். விடைபெற. அடுத்த வாரத்திலிருந்து அப்பாவோடு துறைமுகத்தில் வேலையாம்.

சமையலறையில் உட்கார்ந்தான். டோரீன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவன் சிகரெட் பற்றவைத்தபடி, கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டான். "நல்லா இருக்காங்க, ஸ்கூலுக்குப் போறாங்க" என்றேன். அவன் ஒரு நிமிடம் தீக்குச்சியைப் பிடித்தபடியே இருந்தான். அது விரலைச் சுட்டிருக்க வேண்டும். பிறகு டோரீனைப் பார்த்தான். டோரீன் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்து, கெட்டிலில் தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் போனேன். டீக்கோப்பைகளை அலம்பினேன். சர்க்கரையை எடுத்தேன். லேசாக ஏதோ அதிர்ந்த மாதிரி இருந்தது, குழாய் என்று நினைத்தேன். திரும்பினால் நாற்காலி காலி.

"ட்ரெவர் எங்க?"

டோரீன் அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, எனக்குப் புரியும்படி மெதுவாக, உதடுகளை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"ஒன் பின்னாலயே வந்து நின்னு கூப்பிட்டான். 'கீப்பர்'னு. மூணு தடவ. மூணாவது தடவ அடுத்த வீட்டு நாய் கொலைச்சுது, நார்மன். நீ சக்கரை போட்டுக்கிட்டிருந்த."

"எதுவும் சொன்னானா? திட்டினானா?"

"திட்டல. 'அப்ப நான் கூப்பிட்டிருக்கேன்'னான். அவ்வளவுதான். சிரிச்சான். தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

அவன் சிகரெட் பற்றவைத்தபடி என்ன கேட்டான் என்று பிறகு அவளிடம் கேட்டேன். நெற்றி வலி போய்விட்டதா என்றுதான் கேட்டானாம்.

மே 22, திங்கள்

போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும். காது, பைப், தலையாட்டியது, பிப்ரவரி இருபத்தாறு. ட்ரெவர் கூப்பிட்டான் என்று பத்திரிகையில் போடச் சொன்னேன். நான் வீட்டைக் காலி செய்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

பாஸ் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். மேசையில் வைத்தார். என் முகத்துக்கு நேராகத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, உதடுகளை நன்றாக அசைத்துச் சொன்னார்:

"எனக்கு ஒண்ணும் காதுல விழல, நார்ம்."

அப்படி அவர் என்னிடம் பேசியதே இல்லை. பைப்பை எடுத்துவிட்டு, மெதுவாக. அவருக்கு எப்போதிலிருந்து தெரியும்?

"ஒப்பந்தம் போட்டாச்சு. பொண்டாட்டி பிள்ளைங்களோட வீட்டுல இரு. போ."

வந்துவிட்டேன். பத்திரிகை அலுவலகம் அதே தெருவில்தான் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். தாண்டி வந்தேன்.

ஜூன் 9, வெள்ளி

துறைமுகம். விடியற்காலை ஏலம். தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்பா பெட்டியைக் காட்ட, ட்ரெவர்தான் ஏலம் கூறுகிறான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு. அவன் வாய் திறந்து திறந்து மூடியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தான். நிறுத்தவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

டோரீன் பேசுகிறாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுகிறாள்.

ஆகஸ்ட் 12, சனி

பருவத்தின் முதல் ஆட்டம். சொந்த மைதானம். 1–0. டிஃபென்ஸில் வலப்பக்கம் ஆடினேன். புது கீப்பர் ராய்க்கு நல்ல தொண்டையாம், நன்றாகக் கூப்பிடுகிறானாம். எல்லோரும் சொல்கிறார்கள்.