பேசக் கற்றுக்கொடுத்தேன்

2024 ஜூன் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. க்யிம்யிண்டைங் படகுத்துறைத் தண்ணீர் தெரு வரைக்கும் வந்துவிட்டது. இவர் லோஞ்சியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வேலைக்குப் போனார்.

பத்து மணிக்கு மேல் ஒரு போன். ஊ டின் மோங் என்று ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. மாவ்பி போகும் வழியில் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறாராம். ஊர் ஊராகக் காவல் படை சேர்க்கிறார்களே, அந்தப் படைகளின் தலைவர்களுக்கான பள்ளி. "நல்ல மனிதர்கள், சயாமா. மேடையில் ஏறினால் வாய் வரவில்லை. நீங்கள் பர்மா வானொலியில் செய்தி வாசித்த காலத்திலிருந்து உங்கள் குரல் எனக்குத் தெரியும்" என்றார். டீச்சரம்மாவை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கல்யாண மேடையில் பேசுகிறவர்களுக்கும் கம்பெனிப் பெண்களுக்கும்தான் சொல்லிக்கொடுக்கிறேன், இது எனக்குப் பழக்கமில்லாத வேலை என்றேன்.

"யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு என்ன வயது?"

கேட்ட விதத்திலேயே தெரிந்தது, வயது அவருக்கு ஏற்கெனவே தெரியும். கட்டாய ராணுவத்துக்குச் சேகரின் பெயர் எந்த மாதமும் வரலாம்.

ஜூன் 4

ஒப்புக்கொண்டேன். சேகரிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

ஜூன் 12

பள்ளி என்றால் பழைய நெசவாலை. தறிகளை எடுத்த இடத்தில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். இரும்புக் கேட்டில் துப்பாக்கியோடு இருவர். உள்ளே சுவரில் பெரிய எழுத்து: "விருந்தாளி தங்கிவிட்டால் வீடு போய்விடும்."

காலையில் அவர்களுக்கு இன வரலாறு. யார் இந்த மண்ணின் பிள்ளை, யார் வந்தேறி. பிறகு உடற்பயிற்சி. மதியம் என் வகுப்பு. நான் போனபோது வரலாற்று வகுப்பு முடியவில்லை, வாசலில் நின்று கேட்டேன். வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிவந்த கூலிகளைப் பற்றிப் பாடம். என் தாத்தா அந்தக் கப்பலில்தான் வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.

வகுப்பில் எனக்குப் பெயர் டாவ் மியா மியா. வானொலியிலும் அதே பெயர்தான். பவானியை அங்கே யாருக்கும் தெரியாது, ஊ டின் மோங்கைத் தவிர.

ஜூன் 17, பக்ரீத்

கீழ்வீட்டு நூருன்னிசா பிரியாணி கொண்டுவந்தாள். அப்படியே உட்கார்ந்து, பதௌக்கோனில் இருக்கும் தன் தங்கை பல்கீஸை வீடியோவில் காட்டினாள். பல்கீஸும் அவள் புருஷன் ஷம்சுதீனும் அங்கே சந்தை முனையில் டீக்கடை வைத்திருக்கிறார்கள். பின்னால் பாய்லர் ஆவி. "மேல்வீட்டு அக்காவா? ஒரு தடவை வாங்கக்கா, எங்க ஊர்ப் பலகாரம் தின்னு பாக்கலாம்" என்றாள். வருகிறேன் என்றேன்.

எந்தப் பள்ளிக்குப் போய்வருகிறேன் என்று நூருவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஜூன் 26

இன்று ஒருவன் என் மனதைத் தொட்டுவிட்டான். கோ நேய் லின். முப்பது வயதிருக்கும். ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தவன். திக்குவாய். தன் பெயரைச் சொல்லவே முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் பொறுமையாக நின்று சொல்லி முடித்தான்.

வகுப்பு முடிந்ததும் தனியாக வந்தான். போன வருஷம் கண்ணிவெடியில் அப்பா செத்தாராம். யார் வைத்தது என்று தெரியாது. "நான் பேசினால்தான், சயாமா, ஊரைக் காப்பாற்ற ஆள் சேரும்" என்று சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

எந்த ஊர் என்று கேட்டேன். பதௌக்கோன்.

நூருவின் தங்கை ஊர் அல்லவா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அங்கே அப்படிச் சொல்லக்கூடாது என்று எனக்கே தெரிந்திருக்கிறது.

ஜூலை 10

நேய் லின் தேறிவருகிறான். சொல் தடுக்கும் இடத்தில் அதோடு மல்லுக்கு நிற்காதே என்றேன். முதலில் மூச்சை வெளியே விடு. நின்றுவிடு. வேண்டுமென்றே நிற்கிறவன் போல நில். கண்ணை ஓரிடத்தில் வை. கூட்டம் காத்திருக்கும். அதன்பிறகு சொல் தானாக வரும்.

இன்று ஒரு பக்கம் முழுவதையும் தடுக்காமல் வாசித்தான். வாசித்துவிட்டு அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மாணவன் கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "எதைப் பேசப் போறான்?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 19

தேர்வு. ஆளுக்கு ஒரு மேடைப் பேச்சு. ஊ டின் மோங் முன்வரிசையில் இருந்தார்.

நேய் லின் ஏறினான். நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்றான், மூச்சை விட்டான். அப்பாவைப் பற்றி ஆரம்பித்தான். பிறகு கலாக்கள். "கலா" — இந்திய வழி வந்தவர்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லைத்தான் சொன்னான், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் சொன்ன சொல். நம் சந்தையில் கடை வைத்து, நம் பெண்களைக் கட்டி, நாம் சாக சாகப் பெருகுகிறவர்கள் என்றான். ஒரு சொல்லுக்கு முன் நிறுத்தினான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். என்ன சொல் வரும் என்று நானும் காத்திருந்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் காத்திருந்தேன்.

கைதட்டல். என்னை எழுந்து நிற்கச் சொல்லி எனக்கும் தட்டினார்கள். அவன் வந்து மண்டியிட்டுக் கும்பிட்டான், இங்கே குருவைக் கும்பிடுகிறாற்போல. தலையில் கை வைத்தேன்.

ஜூலை 20

ஊ டின் மோங்கின் அறைக்குப் போய், இனி வர இயலாது என்றேன். அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார்.

"பேச்சு உங்களை நோகடித்துவிட்டது, புரிகிறது. ஆனால் நீங்கள் வேறு, சயாமா. நீங்கள் இந்து. ஒத்துப்போகிறவர்கள். அவன் சொன்னது அந்தக் கலாக்களை."

"அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

"தெரிய வேண்டியபோது நாங்கள் சொல்லிக்கொடுப்போம்." பிறகு டீயை என் பக்கம் நகர்த்தினார். "இந்த அணியின் பயிற்சி முடியட்டும். மகன் நன்றாக இருக்கிறாரா?"

டீயைக் குடித்தேன்.

ஜூலை 22

போனேன்.

ஆகஸ்ட் 9

பட்டமளிப்பு. பச்சைச் சட்டை, தோளில் பட்டை. விழாவைத் தொகுத்து வழங்கச் சொன்னார்கள், வழங்கினேன். நேய் லின் ஒரு பை கொய்யாப்பழம் கொடுத்தான். "ஊருக்குப் போனதும் முதல் பேச்சைப் பதிவு செய்து அனுப்புகிறேன், சயாமா" என்றான். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

கொய்யாவை வழியிலேயே யாரிடமாவது கொடுத்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நூருவுக்கும் கொடுத்தேன்.

செப்டம்பர் 1

பல்கீஸ் போனை எடுக்கவில்லை என்று நூரு இரண்டு தடவை மாடியேறி வந்து சொன்னாள். அந்தப் பக்கமெல்லாம் லைன் இல்லை போல, மழை, என்றேன். என் போனில் நேய் லினிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. உள்ளுக்குள் எனக்கு ஏற்கெனவே தெரியுமோ என்னவோ.

செப்டம்பர் 8, ஞாயிறு

பல்கீஸ் வந்துவிட்டாள். பஸ்ஸிலும் சரக்கு லாரியிலும் மாறி மாறி வந்திருக்கிறாள். ஒரு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான். ஷம்சுதீன் இல்லை. நூரு போட்ட சத்தம் கேட்டு ஓடினேன். எனக்குப் பல்கீஸைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. வீடியோவில் பார்த்த முகம் இல்லை அது.

செப்டம்பர் 10

இன்று பேசினாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"சந்தை நாளு. லாரி மேல மைக்கு கட்டி நின்னுச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச புள்ளதான், வாத்தியாரு. சின்னதுல எங்க கடைக்கு டீ வாங்க வரும். என்ன வேணுமுன்னு சொல்ல மூச்சு முட்டும் அதுக்கு. மத்தவங்க சிரிப்பாங்க. எங்க அவுக மட்டும் டம்ளரைக் கையில வச்சிக்கிட்டு, அது சொல்லி முடிக்கிற வரைக்கும் நிப்பாக. அவசரப்படுத்த மாட்டாக.

"அன்னிக்கு ஒரு எடத்துலகூடத் திக்கலக்கா. நடுவுல நடுவுல நிறுத்துச்சு. அந்த நேரம் சந்தையே அசையாம நின்னுச்சு. அவுக எங்கிட்ட, பாரு, புள்ள நல்லாப் பேசுறான்னு சொன்னாக. சந்தோசமாத்தான் சொன்னாக. கடைசியா நிறுத்தினப்ப எங்க கடையப் பாத்துச்சு."

அதற்கு மேல் நூருதான் சொன்னாள். வரிசையாகக் கடைகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். ஷம்சுதீன் பாய்லரை அணைக்க உள்ளே போனாராம், வெடித்தால் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் ஆபத்து என்று. வெளியே வரவிடவில்லை. கபுரில் அடக்கம் செய்யக்கூட ஒன்றும் தரவில்லை.

நான் எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே தலையைக் கொடுத்தேன். கண்ணை ஓரிடத்தில் வை. நான்தானே சொன்னேன். நாந்தானே சொல்லிக் குடுத்தேன், ஒவ்வொரு நாளும், பொறுமையா, தட்டிக் குடுத்து —

செப்டம்பர் 14

அடுத்த அணிக்கு வரச் சொல்லி ஊ டின் மோங் போன் செய்தார். முடியாது என்றேன். காரணம் கேட்டார். பதௌக்கோன் என்று ஊர்ப் பெயரை மட்டும் சொன்னேன். "அப்படியானால் உங்கள் வீட்டு விஷயத்தில் நான் ஒன்றும் செய்வதற்கில்லை" என்று வைத்துவிட்டார்.

சேகரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னோம். நான் ஏன் போனேன் என்பதையும். அவன் பர்மியத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "என்னைக் கேட்டிருக்கலாமே, அம்மா?"

செப்டம்பர் 21

சேகர் தாய்லாந்து எல்லைக்குக் கிளம்பிவிட்டான். இவருடைய நண்பர் ஒருவரின் லாரியில். கட்டிப் பிடித்தபோது பிடித்துக்கொண்டான். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 27

எல்லை தாண்டிவிட்டான். இரண்டே சொல்லில் செய்தி. இவர் போனை வாங்கி வாங்கிப் படித்தார்.

அக்டோபர் 2

பல்கீஸிடம் சொன்னேன். நூருவும் இருந்தாள். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்கு, பேச்சைத் தொழிலாக வைத்திருந்தவளுக்கு, முதல் சொல் வரவே இல்லை. அவர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வாத்தியாருக்குப் பேசக் கத்துக் குடுத்தது நான்தான்."

பல்கீஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "அதுக்குத் திக்குமே, அதைச் சரி பண்ணது நீங்களா?"

ஆமா என்றேன். என்ன பேசுவான் என்று தெரியுமா என்று கேட்டாள். முதலில் தெரியாது, பிறகு தெரியும் என்றேன். தெரிந்த பிறகுமா என்றாள். பிறகும்தான் என்றேன். சேகரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நூரு கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மேல போங்கக்கா," என்றாள். "இப்ப போயிருங்க."

அக்டோபர் 31

தீபாவளி. விளக்கு ஏற்றவில்லை. எல்லா வருஷமும் கீழே ஒரு தட்டு பலகாரம் போகும். இந்த வருஷம் செய்யவும் இல்லை.

நவம்பர் 16

கதவு தட்டும் சத்தம். பல்கீஸ். உள்ளே வரவில்லை. வெளிநாட்டிலிருந்து சாட்சியம் சேர்க்கிறவர்கள் இரண்டு நாளாகப் போனில் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அந்தப் புள்ள இப்படிப் பேச எங்கே படித்தது என்று கடைசியில் கேட்டார்களாம்.

"ஒரு பள்ளிக்கூடம் இருக்குன்னு சொன்னேன். உங்க பேரைச் சொல்லல. அது நான் சொல்ற பேரில்ல. நீங்கதான் சொல்லணும்."

மன்னிச்சிரு பல்கீஸ் என்றேன்.

"அதைக் கேக்க வரலக்கா" என்றாள். நம்பரை ஒரு துண்டுத் தாளில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

நவம்பர் 17

இவரிடம் சொன்னேன். சாட்சி சொன்னால் இந்த வீட்டில் இருக்க இயலாது, வேலை போகும், பிடித்தால் என்ன ஆகும் என்று தெரியும் என்றேன். இவர் எழுந்து பரண்மேலிருந்த பைகளை இறக்கினார். பிறகு, "எங்க அக்காகிட்ட சொல்லி வைக்கிறேன், லான்மடாவுல கொஞ்ச நாளு இருக்கலாம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன். நெசவாலை, சுவரில் எழுதியிருந்தது, யார் யார் பாடம் எடுத்தார்கள், ஊ டின் மோங் என்ன சொன்னார், நேய் லினுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன், தெரிந்த பிறகும் எத்தனை வாரம் போனேன் என்று எல்லாவற்றையும். கேட்ட பெண் சின்ன வயதுக்காரி. முகத்தை மறைத்துவிடுவோம், குரலையும் மாற்றலாம் என்றாள். முகத்தை மறைக்கச் சொன்னேன். குரல் இருக்கட்டும் என்றேன். பெயர் என்ன போடுவது என்று கேட்டாள். பவானி என்றேன்.

பேசும்போது நான் எங்கும் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க வாங்கப் பேசினேன், கேவலமான பேச்சு.

இவர் இரண்டு பையில் துணியைக் கட்டிவிட்டார். மதியம் லான்மடாவுக்குப் போகிறோம். அங்கிருந்து எங்கே என்று தெரியாது. சாவியை நூருவிடம் கொடுக்க இறங்கினேன். நூரு வெளியே வரவில்லை. பல்கீஸ்தான் வாங்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றேன். உள்ளே போய்ச் சோறும் குழம்பும் கொண்டுவந்து, படியில் என் பக்கத்தில் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கதவோரம் நின்றாள். அவசரப்படுத்தவில்லை. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.