மரகதம் மருத்துவரிடம் கேட்ட கேள்வி

14 நவம்பர் 2024, வியாழக்கிழமை, இரவு 9.10
குறிப்பு எண் 37: மரகதத்தின் சிகிச்சை

என் மனைவியின் சிறுநீரகப் புற்றுநோய்க்குப் புதிய ஊசி மருந்தைத் தொடங்கலாமா என்பதை நாளைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இன்று சேலத்தில் மருத்துவர் விளக்கினார். உடலின் காவல் செல்கள் நெருங்கும்போது, புற்றுச் செல் தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை மிகுதியாக்கிக்கொள்கிறதாம். அதைத் தொட்ட காவல் செல் தாக்காமல் அடங்கிவிடுகிறதாம். பகைதான், ஆயினும் அதன் திறமையை வியக்காதிருக்க முடியவில்லை. ஸ்கேன் அறிக்கையில் தேதி தவறாக இருப்பதை நான் இடையில் சுட்டிக்காட்டினேன்.

“ஏனுங்க, கட்டி தேதி பாத்தா வளருது? சித்த சும்மா இருங்க” என்றாள் மரகதம். மேச்சேரியில் ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவள். மருத்துவரிடம் திரும்பினாள்.

“தாயில்லாக் குட்டிக்கு, செத்த குட்டியோட தோலப் போத்தி உடுவோம் சாமி. குட்டியப் பறிகுடுத்த ஆடு மோந்து பாத்துட்டு, தன்னுதுன்னு முட்டாம உட்டுரும். அதாட்டந்தானுங்களா?”

“கிட்டத்தட்ட அதேதாங்கம்மா. மருந்து அந்தத் தோல உரிச்சிரும்.”

“அப்பறம் வெறி புடிச்சுச் சொந்தக் குட்டியவும் முட்டுனா?”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். காவல் செல்கள் நுரையீரலையும் குடலையும்கூடத் தாக்கக்கூடும் என்றும், அதைத்தான் அடுத்துச் சொல்லவிருந்ததாகவும் கூறினார். மூன்று கோப்புகளைச் சுமந்து சென்ற எனக்கு அக்கேள்வி தோன்றவில்லை.

“முட்டுனா புடிச்சுக் கட்டுங்க சாமி. ஊசியப் போட்டுருங்க” என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக் கையொப்பமிட்டாள்.

நாளை மருத்துவரிடம் சேர்ப்பிக்க இன்றிரவு எழுதிய கடிதத்துடன் இணைத்தவை: ஸ்கேன் அறிக்கையின் நகல், மரகதம் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம், என் சம்மதம், யாரும் கேட்காவிடினும், இன்றைய தேதியிட்டு.