உப்பு டப்பாவைத் திறந்து பார்த்த சிஸ்டர்

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகத்தான் ஆசை, முடியவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நீ ஏற்பாடு பண்ணி அனுப்பிய அந்த நர்ஸ் சிஸ்டர் மேல் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. போனில் பேசினால் அப்பா காதில் விழும், இந்த வீட்டில் கதவைச் சாத்தினாலும் பேச்சு சுவரைத் தாண்டும், அதனால்தான் கட்டைவிரல் வலிக்க டைப் அடிக்கிறேன். முழுசாகப் படி, ஓட்டிவிடாதே!

காலையில் டாண் என்று எட்டு மணிக்கு வருகிறாள். அப்பாவை எடை மெஷினில் ஏற்றுகிறாள், கால் எலும்பு மேல் விரலை அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்க்கிறாள். அது சரி, இதயம் பலவீனமானால் காலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று நம் வீடியோ டாக்டர் சொல்லியிருக்கிறார், அவர் போட்ட வீடியோ ஒன்றைக்கூட நான் விட்டதில்லை, உனக்கே தெரியும். ஆனால் பிரஷர் பார்க்கும்போதுதான் கூத்து! ஐந்து நிமிஷம் யாரும் மூச்சுவிடக் கூடாது, அப்பா கால் மேல் கால் போடக் கூடாது, உட்கார வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து இன்னொரு தடவை. ஒரே மனுஷனுக்கு எதற்கு இரண்டு பிரஷர்? கேட்டால், வயசானவங்களுக்கு எழுந்ததும் சட்டுன்னு இறங்கும்மா, தலை சுத்தி விழுந்துடுவாங்க, என்கிறாள். எதைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருக்கிறாள், அதுதான் எனக்கு இடிக்கிறது. அப்பாவுக்கோ அவள் வந்தாலே குஷி. சிஸ்டர், எனக்கு ரெண்டு டாக்டர், ஒண்ணு ஆஸ்பத்திரில, இன்னொண்ணு அடுப்படில, என்று என்னைக் காட்டிச் சிரிக்கிறார். சந்தேகத்துக்கு மாத்திரை இருந்தா உனக்குத்தான்டி மூணு வேளையும் குடுக்கணும், என்று வேறு.

ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். அவள் கை கழுவப் போன நேரம் பார்த்து ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துவிட்டேன், இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பார். எடை, பிரஷர், நாடித் துடிப்பு எல்லாம் வரிசையாக இருக்கிறதா? கீழே “அம்மா” என்று எழுதி ஒரு கேள்விக்குறி, அதைச் சுற்றி இரண்டு வட்டம். நான் என்ன கேள்விக்குறியா? என் வீட்டில் என்னையே நோட்டம் விடுகிறாளா? உனக்கு ஏதாவது வத்தி வைக்கிறாளா? வைத்தால் என்னிடம் மறைக்காதே.

இன்னொன்று. வேற ஏதாவது மாத்திரை, பொடி குடுக்கிறீங்களாம்மா, என்று இதோடு இரண்டு தடவை கேட்டுவிட்டாள். சோறுதான் குடுக்கிறேன், போதுமா, என்றேன். நேற்று நான் துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், இவள் சமையலறையில் நின்று உப்பு டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்க்கிறாள்! கசக்குதேம்மா, என்ன உப்பு இது, என்கிறாள். நீ ஆளைப் பாரு, அடுப்பை நான் பாத்துக்கிறேன் என்று டப்பாவைப் பிடுங்கி மேல் தட்டில் வைத்துவிட்டேன். அது நான் தேடிக் கண்டுபிடித்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து உன் அப்பா, இது சாப்பாடா வைக்கோலா, மாட்டைக் கூப்பிடு, என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். இரவு பகலாக நெட்டில் துழாவி, சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்றை வரவழைத்தேன். தட்டு காலியாகிறது! நம் வீடியோ டாக்டரின் ஃபேஸ்புக் குரூப்பில் பாக்கெட்டை முன்னும் பின்னும் படம் எடுத்துப் போட்டேன், இருநூறு லைக். இதைப் போய் அவளிடம் சொன்னால் தன் யோசனை என்று நோட்டில் எழுதிக்கொள்வாள்.

இன்று அப்பா, காலு ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கு என்றார், அவ்வளவுதான். உடனே வாசலுக்குப் போய் டாக்டரிடம் குசுகுசுவென்று போன், நாளைக்கே ரத்தம் எடுக்க ஆள் வருமாம். போன மாதம்தானே எடுத்தார்கள்? அப்பாவைச் சரியாகப் பார்ப்பதில்லை என்று உன்னை நச்சரித்து நர்ஸ் ஏஜென்சியில் இவள் மேல் புகார் கொடுக்க வைத்தது நல்லதாகப் போயிற்று. திங்கள் முதல் வேறு ஆள் என்று சொன்னார்களே, அதுவரை தாங்காது, நாளைக்கே மாற்றச் சொல்.

கண்ணு, மேலே இருப்பது செவ்வாய்க்கிழமை எழுதியது, அனுப்பாமலே கிடந்தது. இன்று சனிக்கிழமை. அழிக்கலாம் என்று விரலைக் கொண்டு போனேன், அழிக்காமல் விட்டுவிட்டேன். அப்பா நன்றாக இருக்கிறார், முதலில் அதைத் தெரிந்துகொள், பிறகு படி. வியாழக்கிழமை நீ போன் பண்ணியபோது சும்மா செக்கப் என்றேனே, பொய். புதன்கிழமை காலை அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியவில்லை. சிஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே ஒரு முழு நிமிஷம் பார்த்தாள், நாடி நாற்பத்திரண்டுதான், ரொம்பக் கம்மி, என்றாள். காலை மாத்திரைகளைக் கொடுக்காமல் டப்பாவை மூடி வைத்தாள். இதய மாத்திரையை நிறுத்த நீ யாரு, என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். டாக்டர் லைன்ல இருக்கார்ம்மா, அவர்தான் நிறுத்தச் சொல்றார், என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டாள். எனக்கோ, இவள்தான் ஏதோ கொடுத்துவிட்டு நடிக்கிறாள் என்று நெஞ்சு பற்றி எரிகிறது.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்தாள். அம்மா, உங்க மேல தப்பு சொல்லக் கேக்கல, அந்த உப்புப் பாக்கெட் இருக்கா, என்றாள். பாக்கெட்டை அன்றைக்கே தூக்கிப் போட்டாயிற்று, ஆனால் குரூப்பில் போட்ட படம் இருந்ததே. செல்லை நீட்டினேன். பின்பக்கத்தைப் பெரிதாக்கினாள், கடுகு சைஸ் எழுத்து, இருநூறு பேர் லைக் போட்டோமே ஒருத்தர் படித்தோமா? அதில் சோடியத்துக்குப் பதில் பாதிக்கு மேல் பொட்டாசியமாம். அப்பா சாப்பிடும் இரண்டு மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பை விட்டு வெளியே போகவிடாதாம். உப்பும் மாத்திரையும் சேர்ந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பை அமுக்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் சிஸ்டர் அந்தப் படத்தைத்தான் டாக்டரிடம் முதலில் காட்டினாள். அரை மணி தாமதித்திருந்தால், என்று அவர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான்தான் கண்ணு. என் கையால்தான். மூன்று வேளையும், ருசியாக.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். சிஸ்டர் உனக்கும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. உடனே என் புத்தி எங்கே போனது தெரியுமா? இதைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கு என்னை ஆட்டிவைக்கப் பார்க்கிறாள் என்று! கேட்டே விட்டேன், ஏன் சொல்லலை, என்ன திட்டம் என்று. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னா அவர் நாளையிலேருந்து தட்டை முறைச்சுப் பாப்பார்ம்மா, இந்த உடம்புக்கு அவர் நல்லா சாப்பிடணும், உங்க கையைத்தான் நம்புறார், என்றாள். அவரே கேட்டா மறைக்க மாட்டேன், ஆனா இது நீங்க சொல்ல வேண்டியது. அப்புறம் நோட்டை நீட்டினாள். திங்கக்கிழமை புது சிஸ்டர் வருவாங்க, இதை அவங்ககிட்ட குடுங்க, எந்த உப்புன்னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன். புகார் விஷயம் அவளுக்குப் போன வாரமே தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் அந்த ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்திருக்கிறாள்.

இன்று மத்தியானம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது சரி, இத்தனை நாள் அந்தப் பொண்ணைக் கரிச்சுக் கொட்டினியே, அதுக்கு என்ன பண்ணப் போற, என்றார். பிறகு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். குரூப்பிலும் எழுதிவிட்டேன், இதயம், கிட்னி, பிரஷர் மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடாதீர்கள் என்று. லைக் ஒன்பதுதான் வந்தது. ஒரு அம்மா அழுதுகொண்டே போன் பண்ணினாள், அவள் மாமனாருக்கும் அதே மாத்திரையாம்.

நீ நூறு வயசு நல்ல உடம்போடு இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும் நாலு நல்லவர்கள் உன் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. ஏஜென்சியில் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் உண்டு. நான் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதுமே கட் பண்ணிவிடுவார்கள், அவ்வளவு திட்டியிருக்கிறேன். வேறு வீட்டுக்கு அவளை அனுப்புவதற்குள் நாளைக் காலை முதல் வேலையாக நீ கூப்பிடு. ஏதோ புரியாமல் நடந்துவிட்டது என்று எனக்காகப் பூசி மெழுகாதே. புகார் பொய், எங்கம்மா பண்ணின தப்பு, அதே சிஸ்டர்தான் வேணும்னு சொல்லு. இந்த வார்த்தையிலேயே சொல்லு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா