லா பால்மித்தா கிளப்பின் எண்பதாவது ஆண்டு

லா பால்மித்தா,
ஹோண்டுராஸ்.
14 ஆகஸ்ட் 2019

அன்புள்ள கசிமிரோவுக்கு,

நியூ ஆர்லியன்ஸில் நீயும் உன் மகள் ஒஃபேலியாவும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. உன் விலாசத்தை உன் சித்தி மகனிடம் கெஞ்சி வாங்கினேன். கவரில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல், இதைக் கடைசிவரை படி.

நம் கால்பந்து கிளப்புக்கு எண்பது வயதாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை விழா எடுத்தார்கள். வாழைத் தோட்டத்துப் பழைய முதலாளியின் பேரன் ரமீரோதான் இப்போது தலைவர். கிளப்பின் வரலாறு என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறான். வழவழத் தாள், அட்டையில் அவன் தாத்தா. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மைதானத்துக்கு நிலம் கொடுத்தது அவன் தாத்தாவாம். அது சதுப்பு நிலம். வாழைக்குலை ஏற்றும் ரயிலில் வேலை பார்த்தவர்கள் எஞ்சின் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டி இரண்டு வருஷம் மேடாக்கினார்கள். உன் அப்பாவும் என் அப்பாவும் அதில் இருந்தார்கள். புத்தகத்தில் அவர்கள் பெயர் இல்லை. பெரும்புயல் கூரையைப் பிடுங்கிப் போன வருஷம், நாம் வேலை முடிந்து வந்து மரம் அறுத்தோமே, அதுவும் அந்தக் குடும்பத்தின் 'நன்கொடை' ஆகிவிட்டது. வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போன ஐந்து ஆட்டக்காரர்கள் 'ஊரைவிட்டுப் போனார்கள்' என்று ஒரே வரி. சிறையை ஊர்ப் பயணமாக்கிவிட்டான்.

இதையெல்லாம்கூட விழுங்கியிருப்பேன். நாற்பத்தேழாம் பக்கத்தை விழுங்க முடியவில்லை. 1981 இறுதி ஆட்டம். 'சமனில் முடிந்திருந்தாலே முதல் பிரிவுக்குப் போயிருப்போம். தலைநகர் அணியிடம் விலைபோன நம் கோல்கீப்பர் கசிமிரோ அந்தக் கனவைக் கெடுத்தார்.' ஊர் வாயில் கிடந்த அசிங்கம் இப்போது அச்சிலும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கப் பார்வையாளர் கூடத்துக்கு என் பெயர் வைத்து, திறப்பதற்கு என்னையே கூப்பிட்டார்கள்.

கசிமிரோ, அந்தக் கோலுக்கு வழிவிட்ட பந்தை உனக்குத் தள்ளியது நான். சேற்றில் கால் வழுக்கியது என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். வழுக்கவில்லை. ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை முதலாளி என்னைப் பேக்கிங் ஷெட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். தலைநகரில் யாரிடமோ ஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆளுக்கு அந்த அணி ஜெயிக்க வேண்டியிருந்தது. "ஒரே ஒரு தப்புப் போதும்டா. திங்கக்கிழமை நீ மேஸ்திரி" என்றார். எண்பத்து மூன்றாம் நிமிஷம் உனக்கு எட்டாதபடி மெதுவாகத் தட்டிவிட்டேன். நீ முழு நீளத்துக்கும் பாய்ந்தாய். அவர்கள் ஆள் முந்திக்கொண்டு கோல் போட்டான். நீ சேற்றில் கிடந்து என்னைப் பார்த்தாய். திங்கட்கிழமை நான் மேஸ்திரி.

ஊரார் உன் வீட்டுக் கதவில் சாணி அப்பிய அன்று உன் அம்மா தொமிங்கா என் வீட்டுக்கு வந்தாள். நான் மேஜையில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தேன். "நிக்கானோர், நீதானே அவன் பக்கத்துல நின்ன. எம்புள்ள அப்படிச் செஞ்சானா?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். அவள் போன பிறகு மிச்ச மீனையும் தின்று முடித்தேன். ஊரை நினைத்தாலும் ரமீரோவை நினைத்தாலும் வருகிற அருவருப்பு, இதை நினைத்தால் வருவதற்குப் பக்கத்தில்கூட வராது.

விழாவில் மைக் கையில் கொடுத்ததும் இவ்வளவையும் சொன்னேன். முதலாளி பெயர், மேஸ்திரி வேலை, அந்தப் பந்து எல்லாம். பிறகு ரமீரோ சிரித்துக்கொண்டே என் தோளை அணைத்து மைக்கை வாங்கினான். "நம்ம பெரியவருக்கு வெயில் ஒத்துக்கல. ஒரு கை தட்டுங்கப்பா" என்றான். தட்டினார்கள். பாண்டு வாசிக்க ஆரம்பித்தது. மடித்த ரொட்டியும் பீரும் வாங்க எல்லோரும் வரிசைக்கு ஓடினார்கள்.

உன் கதவில் சாணி அப்பியவர்களில் முதல் ஆள் கசாப்புக் கடை ஃபுல்ஹென்சியோதான். அவன் மட்டும் என்னிடம் வந்தான். வெட்கப்பட்டு வருகிறான் என்று நினைத்தேன். "முப்பத்தெட்டு வருசமா வாயத் தொறக்காதவன் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கலாமேய்யா. இப்ப நாங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?" என்றான். கையில் இறைச்சித் துண்டு, உதட்டில் எண்ணெய். கேட்டதில் தப்பொன்றுமில்லை; கேட்டவனுக்குத்தான் அந்த யோக்கியதை இல்லை. எனக்கும் இல்லை.

மறுநாள் காலை சுண்ணாம்பும் மட்டையும் கொண்டுபோய்க் கூடத்திலிருந்த என் பெயரை அடித்து மறைத்தேன். செவ்வாய்க்கிழமை ரமீரோ ஆள்விட்டு மறுபடி எழுதினான். இன்று நான் திரும்பவும் மறைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். காவலாளி பார்த்துக்கொண்டே நின்றான், தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பற்றியும் சொன்னேன். தலைமையாசிரியை காது கொடுத்துக் கேட்டாள். எழுதிக் கொடுத்தால் புத்தகத்துக்குள் ஒட்டிவைக்கிறேன் என்றாள். எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஊரில் இதுவரை நடந்தது அவ்வளவுதான்.

அதே வாக்குமூலத்தை நோட்டரியிடம் முத்திரை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒஃபேலியாவிடம் கொடு. உன் சித்தி மகன் சொன்னான்: டிவியில் கால்பந்து வந்தால் நீ எழுந்து போய்விடுவாயாம், ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாதாம். தெரியட்டும். அவள் அப்பா எட்டாத பந்துக்குப் பாய்ந்தவன் என்று தெரியட்டும். உன் அம்மாவுக்கு இனி யாரும் சொல்ல முடியாது.

மன்னித்துவிடு என்று எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாயில்லை. நீ நன்றாயிரு. பேரப்பிள்ளைகள் உன்னைச் சுற்றி வளரட்டும். முடிந்தால் ஒரே ஒரு வரி எழுது. அன்று சேற்றில் கிடந்து என்னைப் பார்த்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டதா? அதை மட்டும் சொல். கெட்ட வார்த்தையில் எழுதினாலும் சரி.

உன் முன்னால் நின்று ஆடிய,
நிக்கானோர்