எழுந்து நடந்த கல்

வியாழக்கிழமை, இரவு

சிறுகோளை நெருங்கும் விண்கலம் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் சொல்வது போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதற்கான புரோகிராமை ட்ரோனில் ஏற்றி, இன்று மேச்சேரிப் பக்கம் கல்லும் பாறையுமான ஒரு கரட்டில் இறக்கிப் பார்த்தோம். கீழே கிடக்கும் கற்களை அடையாளம் வைத்து அது இறங்க வேண்டும். பாதிவரை ஒழுங்காக வந்தது. பிறகு பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. அது எல்லாவற்றையும்விட அதிகம் நம்பிய பழுப்புக் கல் எழுந்து நடந்துகொண்டிருந்தது.

ஆடு மேய்த்த அக்கா சிரித்தார். “ஏனுங்க, உங்க மிசினு எங்க ஆட்டுப் பின்னாலயே போவுதுங்க!”

“சிறுகோள்ல ஏது ஆடு, விடு,” என்றான் கூட வேலை செய்யும் பிரபு. எனக்குக் கோபம் வந்தது. ஆடு இல்லைதான், நிழல் இருக்கிறதே. சிறுகோள் சுழலச் சுழல அதுவும் நகரும். மற்ற கற்களோடு ஒத்துவராத கல், எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும், அதை நம்பாதே என்று அங்கேயே உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தி எழுதினேன்.

சாயங்காலம் அதே ஆடு படுத்ததும் ட்ரோனை மறுபடி மேலே ஏற்றினோம். அது இறங்கும்போது அக்கா ஆட்டை எழுப்பிவிட்டார். ட்ரோன் நேராக இறங்கியது.

“இப்ப ஏனுங்க கண்டுக்கவே மாட்டேங்குது?” அக்காவுக்கு ஏமாற்றம்.

ஓர் ஆட்டை ஜெயித்தாயிற்று. ஆனால் நிழல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகத்தான் நகரும். அப்போது ஒன்றோடொன்று ஒத்துப்போகும், புரோகிராம் அவற்றை நம்பிவிடும். பிரபுவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், நாளைக்கு மந்தை முழுவதையும் ஓட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.