பெட்டியில் வைக்க ஒரு துணி

சேசு மரி சூசை

சாந்தோம் குப்பம்,
சென்னப்பட்டணம்,
1934 சூன் 12

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு அக்கா மதலேன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் அம்மாவும் நானும் சுகம். கண்டிக் குளிரில் உன் இருமல் தேவலையா என்று எழுது. குருப்பட்டம் ஆகிவிட்டால் உன்னை ‘சுவாமி’ என்றுதான் எழுத வேண்டுமாம். அதனால் இப்போதே ஆசை தீர ‘நீ’, ‘வா’, ‘போ’ என்று எழுதிக்கொள்கிறேன்.

அம்மா சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஆகஸ்டில் பட்டம் ஏற்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய். பதில் வரவில்லையே என்று தவித்திருப்பாய். அவள் வாயைத் திறந்தால்தானே நான் பேனாவைத் திறக்க முடியும்? நீ குருமடத்துக்குப் போன நாளிலிருந்து அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை என்பது உனக்கும் தெரியும்.

உன் கடிதத்தில் பாதி அந்தக் கிரேக்க வார்த்தைதான். ‘தேசவுரிசோ’ என்றால் பின்னாளைக்கென்று எடுத்துச் சேர்த்து வைப்பது என்று விளக்கியிருந்தாய். பூமியிலே சேர்க்காதேயுங்கள், பூச்சி அரிக்கும், துரு தின்னும் என்று ஆண்டவர் சொன்ன இடத்தில் அந்த வார்த்தை வருகிறதாம். பெற்றவர்கள்தான் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்று அப்போஸ்தலர் அர்ச். சின்னப்பர் நிருபத்தில் எழுதினதிலும் அதுவேதானாம். மனம் இறுகினவர்கள் தங்களுக்கென்று தண்டனையை, தேவ ஆக்கினையை, சேர்த்து வைக்கிறார்கள் என்று அவரே இன்னோரிடத்தில் எழுதினதிலும் அதுவேதானாம். மீன் விற்கிற அம்மாவுக்கு இவன் வகுப்பு எடுக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நீ எதற்கு எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா? அந்த அரக்குப் பட்டுக்காகத்தானே. நைனாவைக் கடல் கொண்டுபோன பிறகு, லஸ் பக்கத்து பங்களாக்களுக்குக் கூடை சுமந்து, உனக்கு வரப்போகிறவளுக்கென்று அவள் வாங்கி வைத்த கூறைப் புடவை. சுவாமியாரிடம் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கூட வாங்கிவிட்டாள். நீ போன பிறகும், தை மாதம் வெயில் வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து, மணலில் பாய் போட்டு அதை உலர்த்துவாள். மடித்த இடத்தில் பட்டு இற்றுப்போகாதபடி மடிப்பை மாற்றி, வசம்புத் துண்டு வைத்துப் பூட்டுவாள். இந்த வருஷமும் இன்னாசி அம்மா தேசம்மா மருமகளை எதிர்பார்க்கிறாள் என்று குப்பமே பார்த்துவிட்டுப் பேசாமல் போகும்.

கடிதத்தை நான் வாசித்துக் காட்டியதும் அம்மா சிரித்துவிட்டாள். “சின்னப்பரு என் கட்சியாச்சே. பெத்தவதான் சேக்கணும்னு அவரே சொல்லிக்கீறாரு. இன்னா பூச்சி? என் பொட்டியில ஒரு பூச்சி கீதான்னு வந்து பாக்கச் சொல்லு அவனை” என்றாள். கடைசி வரியை, அதாவது சம்மதம் கேட்ட வரியை, காதில் வாங்காதவள் போலக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகுதான், போன மாதம், குப்பத்தில் தீப்பிடித்தது. காற்று வேறு. வடக்கு வரிசைக் குடிசைகள் அத்தனையும் போயின. உயிருக்குச் சேதமில்லை, மாதாவுக்கு ஸ்தோத்திரம். நம் வீடு தப்பியது. கோவிந்தம்மா வீடு தரைமட்டம். அவள் மகள் வசந்தியை ஊரூர்க் குப்பத்து முனியனுக்குப் பேசி முடித்திருந்தது உனக்குத் தெரியும். அந்த வாரம்தான் கலியாணம். கூறைப் புடவை முதற்கொண்டு எல்லாம் சாம்பல். கோவிந்தம்மா அந்தச் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அம்மா உடனே பெட்டியைத் திறப்பாள் என்று நினைத்தேன். திறக்கவில்லை. அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள், பாய் கொடுத்தாள், வசந்திக்குத் தலை வாரிவிட்டாள். பெட்டிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நான் ஜாடையாகச் சொன்னதற்கு என்மேல் எரிந்து விழுந்தாள். எனக்கு அவள்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அந்தப் புடவையைக் கொடுத்தால் உன்னையே கொடுத்ததாகிவிடும் என்று பயந்தாள், தம்பி. அது புரிந்த பிறகு நான் அவளை நெருக்கவில்லை.

மறுநாள் அவளே வந்து, உன் கடிதத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். ஆக்கினையைச் சேர்க்கிறார்கள் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அதற்கும் அதே வார்த்தையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முந்தானையைத் திருகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். பிறகு, “அவனை இட்டுக்கினு போனாருன்னு ஆண்டவர் மேலயே வருத்தம் வச்சிக்கினு இருந்தேன்டி மதலேனு. அதையும் அந்தப் பட்டோடதான் மடிச்சி மடிச்சி வச்சிருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். எழுதும்போது இப்போதும் கண் நிறைகிறது.

பட்டை அவளே எடுத்துப்போய்க் கோவிந்தம்மா மடியில் வைத்தாள். சுவாமியார் தீர்த்தம் தெளித்ததாயிற்றே, அம்மன் கோயிலில் கட்டலாமா என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அதுவும் தண்ணிதானே, ஆத்தா கோவிச்சுக்கமாட்டா என்று கோவிந்தம்மா தீர்த்துவைத்தாள். அரக்குப் பட்டில் வசந்தி மணலில் நடந்து வந்தபோது அம்மா என் கையை நெரித்துவிட்டாள். ஒரு பூச்சி அரித்த இடம் இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மட்டும் அவளுக்கு மனமில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சுவாமியாரிடம் அவளே போய், பட்டம் கொடுக்கும் நாளில் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். உன் கைகளில் எண்ணெய் பூசி வெள்ளைத் துணியால் கட்டுவார்களாம். அந்தத் துணியைத் தாய்க்குக் கொடுப்பது வழக்கமாம். அவள் கண்ணை மூடும்போது அதைக் கையில் வைத்து அடக்கம் பண்ணுவார்களாம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் துடைத்து, புது வசம்பு போட்டு, வெறுமையாகவே பூட்டி வைத்திருக்கிறாள். நான் என் ரவிக்கைத் துணியை அதில் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

சம்மதம் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, சின்ன வயதில் உன் நெற்றியில் போடுவதுபோல் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டாள். கீழே மூலையில் கறையாக இருப்பது அதுதான். சங்கரா மீன் கழுவிவிட்டு அப்படியே வந்தாள், வாசம் வந்தால் முகம் சுளிக்காதே.

அம்மா திடமாகத்தான் இருக்கிறாள், பயப்படாதே. அந்தத் துணி அவளோடு போக வெகுகாலம் ஆகட்டும். நீ அதைக் கொண்டுவந்து கொடுக்க மட்டும் தாமதிக்காதே, கண்ணு.

உன் முதல் ஆசீருக்கு அம்மாவின் பக்கத்தில் முழந்தாளிடக் காத்திருக்கும்,
அதுவரைக்கும் உன்னை ‘நீ’ என்றே அழைக்கும்,
அக்கா மதலேன்